தவளைவண்டியின் நாலாவது விளக்கு

அத்தியாயம் பதினொன்று

மகளுக்குக் கல்யாண ஓலை வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் சபைக்குப் போகிற தகப்பன்மார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பார்கள். ஞானையன் அன்றைக்குக் குனிந்தபடி நடந்தார். புதுச் செருப்பு கடிக்கிறது என்று மனைவி ஜெயபாயிடம் சொன்னார். செருப்பு கடிக்கவில்லை.

முதலிலிருந்து கூட வருகிறவர்களுக்கு விஷயம் தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வாய் சொல்லிவிட்டுப் போகலாம். பாறசாலையில் ஹைவே ஓரமாக லாரிக்கும் ஜீப்புக்கும் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார் ஞானையன். வீடும் அதே வளாகத்தில், பின்பக்கம். ஒரே மகள் ஷெமி. அவளுக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் ரெஜித், சர்க்கார் வேலைக்காரன். அவன் அப்பா எலியா சிங்கப்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிப் பாதி ஆயுளைக் கழித்தவர். திரும்பி வரும்போது ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

சிவப்பு நிறம். இரண்டே கதவு. தரையோடு ஒட்டிப் படுத்த உடம்பு. சுவிட்சைப் போட்டால் முன்விளக்கு இரண்டும் மூடியைத் தூக்கிக்கொண்டு முழிக்கும். அதைப் பார்த்த பிள்ளைகள் வைத்த பேர் தவளைவண்டி. பெரியவர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

அந்தத் தவளையின் டாஷ்போர்டில் நாலு எச்சரிக்கை விளக்குகள் விடாமல் எரிந்துகொண்டிருந்தன. திருவனந்தபுரத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்று பேச்சு சுற்றிச் சுற்றி அந்த விளக்குகளில் வந்து நின்றபோது, ஞானையன் அத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"வண்டி இஞ்ச நிக்கட்டு அண்ணே. ஓலை வாசிக்கதுக்குள்ள நான் சரியாக்கித் தாறேன்."

சும்மா சொன்ன வார்த்தை இல்லை. இறங்கி வேலை பார்த்தார். பேட்டரி படம் போட்ட விளக்கு முதலில் அணைந்தது. டைனமோவைச் சுற்றுகிற பெல்ட் தளர்ந்திருந்தது, இழுத்துக் கட்டினார். எண்ணெய்க் குடுவை படம் போட்டது அடுத்தது. இஞ்சினில் எண்ணெய் சரியாகத்தான் ஏறியது. அதை அளந்து சொல்கிற சுவிட்சின் ஒயர் நுனி பச்சை பிடித்துக் கிடந்தது, சுரண்டி மாட்டினார். கதவு படம் போட்டதற்குக் காரணம், கதவு மூடியும் உள்ளே அமுங்காமல் நின்ற ஒரு சின்ன பொத்தான். அதையும் சரிசெய்தார். ஒவ்வொரு விளக்கு அணைந்தபோதும் வீட்டுக்குள் போய் ஜெயபாயிடம் சொல்லி, ஒரு டம்ளர் சாயா வாங்கிக் குடித்தார்.

நாலாவதில் மாட்டிக்கொண்டார். வட்டத்துக்குள் ஒரு ஆச்சரியக்குறி, சிவப்பு வெளிச்சம். அது பிரேக்கின் விளக்கு என்று அவருக்குத் தெரியும். ஹேண்ட்பிரேக் கேபிளைப் பார்த்தார். பிரேக் ஆயில் தொட்டியைத் திறந்து பார்த்தார். கோட்டுக்குக் கீழே இருந்தது. ஊற்றினார், அணைந்தது. இரண்டு நாள் கழித்து வளைவில் திருப்பும்போது மினுக்கியது, பிறகு நிலையாக எரிந்தது. தொட்டியில் மறுபடி குறைந்திருந்தது.

ஊற்றின ஆயில் குறைகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த வண்டியின் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டுக்குப் பூட்டு இருந்தது. திருடர்கள் கழற்றாமல் இருக்க அந்த நாட்டில் செய்த ஏற்பாடு. அதற்குத் தனிச் சாவி உண்டு, அது எலியாவிடம் இருந்தது. ஆள் அனுப்பிக் கேட்டால் அரை நாளில் வந்திருக்கும்.

ஞானையன் கேட்கவில்லை. கேட்டால், இவனுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று சம்பந்தி வீட்டில் நினைப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம், இடதுபக்கப் பின்சக்கரத்துக்கு உள்புறமாகக் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கை ஈரமாக வந்தது. காலையில் வண்டி கழுவிய தண்ணீர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கையை முகர்ந்து பார்க்கவில்லை. துணியில் துடைத்துக்கொண்டார்.

இந்தப் பக்கத்து ஒர்க்ஷாப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. களியக்காவிளை தாண்டி வருகிற பழைய லாரிகளில் ஏதாவது ஒரு விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஒயர் தேய்ந்திருக்கும். டிரைவருக்கோ அதைப் பார்த்துப் பார்த்து மனசு கெட்டுப்போகும். உடனே டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பல்பை உருவி எடுத்துவிடுவார்கள். டிரைவரும் நிம்மதியாகப் போவான். ஞானையன் எத்தனையோ லாரிக்கு இதைச் செய்திருக்கிறார்.

சனிக்கிழமை வண்டியை எடுக்க வருகிறோம் என்று எலியா சொல்லியனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாயா கொண்டுவந்த ஷெமி, சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து, இது அணையவில்லையே அப்பா என்று கேட்டாள். அணைந்துவிடும் என்றார். அவள் டம்ளரை எடுக்கத் திரும்பி வந்தபோது அணைந்திருந்தது.

சபையில் போதகர் ஓலையை மலையாளத்தில் வாசித்தார். பாறசாலை ஞானையன் மகள் ஷெமியும், நெய்யாற்றின்கரை எலியா மகன் ரெஜித்தும் திருமணத்தில் இணைய இருக்கிறார்கள். இதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் தெரியப்படுத்த வேண்டும். எல்லா ஓலைக்கும் வாசிக்கிற அதே வரிதான். ஞானையன் எத்தனையோ பேர் ஓலையின்போது அந்த இடத்தில் கொட்டாவி விட்டிருக்கிறார். அன்றைக்குப் போதகர் வாசித்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினார், அந்த மூச்சு முடிகிற வரைக்கும் ஞானையன் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓலை கேட்க மாப்பிள்ளை வீட்டார் வர வேண்டும் என்று இல்லை. இவர்கள் வந்திருந்தார்கள், தவளைவண்டியில். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம். எலியா பானட்டைத் தட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பெரிய பெரிய கடைக்காரன் எல்லாம் ஓடிப்போன வேலையைத் தன் சம்பந்தி ஒரு சின்ன ஷெட்டில் வைத்துச் செய்து தந்துவிட்டார் என்றார். ஞானையனைக் கண்டதும் தோளில் கைபோட்டு நடுவில் இழுத்துவிட்டார்.

"நாலு லைட்டும் போச்சு. நாலும். இவருக்க கையில தங்கமாக்கும் இருக்குது."

பக்கத்தில் நின்ற கடைக்காரர் ராஜையா, அப்படியானால் ஞானையன் இனி லாரியைத் தொடமாட்டார், நாமெல்லாம் எல்லை தாண்டிப் பாண்டிக்குப் போய்த்தான் ரிப்பேர் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஞானையனும் சிரித்தார். அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எப்போது எடுப்பது என்று தெரியாமல், வீடு வரைக்கும் அப்படியே வைத்துக்கொண்டு போனார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜெயபாய் முந்தின நாளிலிருந்து பாடுபட்டிருந்தாள். நெய்மீன் குழம்பு, கோழிக்கறி, பப்படம், பாயசம். ரெஜித்தின் அம்மா கிருபாபாய் எளிதில் எதையும் மெச்சுகிறவர் இல்லை. குழம்பில் புளி சரியாக நிற்கிறது என்றார். ஜெயபாய்க்கு அது போதும். பரிமாறுகிற சாக்கில் உள்ளே வந்து ஷெமியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

பாயசம் குடிக்கும்போதுதான் கிருபாபாய் அதைச் சொன்னார். வெள்ளறடைக்கு அப்பால் மேட்டில் அவருடைய அக்கா இருக்கிறார். ரெஜித்தைப் பிள்ளையாக வளர்த்தவர் அவர்தான். படுத்த படுக்கையாகி ஒரு வருஷமாகிறது, கல்யாணத்துக்கு வர வழியில்லை. பெண்ணை ஒரு தடவை கண்ணில் காட்டு என்று ஆள்மேல் ஆளாகச் சொல்லிவிடுகிறார். இப்போது வண்டியும் இருக்கிறது, நல்ல நாளும் இருக்கிறது. ஷெமியை ஒரு எட்டு கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கொண்டுவந்து விட்டுவிடுகிறோம் என்றார்.

ஞானையன் பாயச டம்ளரைக் கீழே வைத்தார்.

வெள்ளறடை ரோடு அவருக்குத் தெரியும். காரக்கோணம் தாண்டினால் ஏற்றமும் இறக்கமும்தான். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு இறக்கம், கீழே குறுகலான பாலம், பாலத்துக்கு முன்னால் வளைவு. லோடு ஏற்றின ஜீப்காரன்கூட அந்த இடத்தில் கியரை மாற்றிக்கொண்டு பைய இறங்குவான்.

"இன்னைக்கு வேண்டாமே மைனி" என்றார். ஏன் என்று கிருபாபாய் கேட்டார். மழை வரும் என்றார். எலியா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். ஓலை வாசித்த அன்றே பெண் வெளியே போனால் ஊரில் ஏதாவது சொல்வார்கள் என்றார் அடுத்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் கூட வரும்போது யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று ஜெயபாயே கேட்டுவிட்டாள். அப்படியானால் ஒரு டாக்சி பிடித்துக்கொண்டு வருகிறேன், எல்லோருமே போகலாம் என்றார். வாசலில் இப்பேர்ப்பட்ட வண்டியை வைத்துக்கொண்டு டாக்சியா என்று எலியா சிரித்தார்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. அந்த வரி அடிவயிற்றில் கிடந்தது. அதைத் தூக்கி மேலே கொண்டுவரப் பார்க்கும்போதெல்லாம், சபை முற்றத்தில் தோளில் விழுந்த எலியாவின் கை நினைவுக்கு வந்தது.

ஜெயபாய் அவரை அடுக்களைக்கு அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தி ஒரு பிடி பிடித்தாள். "ஒங்களுக்கு என்னவாக்கும்? அந்த அம்மைக்க மொகம் போன போக்கப் பாத்தீங்களா? பிள்ளைய அனுப்பப் பயமா இருந்தா எதுக்குக் கெட்டிக் குடுக்கது?"

ஞானையன் ஒரு செம்பு வெள்ளம் மொண்டு குடித்தார்.

ஷெமி சேலையைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டுவிட்டாள். அந்த வண்டியில் பின்சீட்டுக்குப் போவதே ஒரு வித்தை. முன்சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, உடம்பை ஒருச்சாய்த்து நுழைய வேண்டும். ஷெமி நுழைந்தாள். பின்னாலேயே கிருபாபாய் முனகிக்கொண்டு நுழைந்தார். எலியா முன்னால் உட்கார்ந்தார். ரெஜித் ஸ்டியரிங்கில். ஞானையன் ஜன்னல் ஓரமாகக் குனிந்து நின்றார், டாஷ்போர்டு தெரிகிற இடத்தில்.

ரெஜித் சாவியை முதல் திருகு திருகினான்.

இஞ்சின் கிளம்புமுன், அந்த ஒரு திருகில், எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒருதரம் எரிந்து காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆஜர் சொல்கிற மாதிரி. இஞ்சின் கிளம்பியதும் ஒவ்வொன்றாக அணையும். அப்படித்தான் அந்த வண்டியைச் செய்திருக்கிறார்கள். பேட்டரி எரிந்தது. எண்ணெய்க் குடுவை எரிந்தது. கதவு எரிந்தது. வட்டமும் ஆச்சரியக்குறியும் இருந்த இடம் மட்டும் இருட்டாகக் கிடந்தது. ஹேண்ட்பிரேக் இழுத்தே இருந்தது, அதற்காகவாவது எரிந்திருக்க வேண்டும்.

ரெஜித் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்கு எரிகிற விளக்குதான் கவலை, எரியாதது இல்லை. பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த ஷெமி கவனித்தாள். பல்பை உருவிவிட்ட கதைகளைச் சாப்பிடும்போது அப்பா சொல்லக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவள் அவள். இருட்டான அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி ஜன்னலில் தெரிந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

ஞானையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் கேட்டதற்கு அதுதான் பதில். ஷெமி முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, தலை சுற்றுகிறது, என்னவோபோல வருகிறது, நான் இறங்குகிறேன் என்றாள். கிருபாபாய் கையைப் பிடித்து, காற்று பட்டால் சரியாகிவிடும், வண்டி நகரட்டும் என்றார். ஷெமி கையை விடுவித்துக்கொண்டாள்.

"இல்ல மாமி. நான் இன்னைக்கு வரல்ல."

எலியா இறங்கி, சீட்டை மடக்கி, கிருபாபாயையும் இறக்கி, அவளுக்கு வழிவிட்டார். படுத்துக் கிடக்கிற ஒரு கிழவியைப் பார்க்கக் கூப்பிட்டால் தலை சுற்றுகிற பெண். கிருபாபாய் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் முந்தானையை இழுத்துச் செருகின விதத்தில் அது இருந்தது. ஜெயபாய் ஓடிவந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து தருகிறேன், எல்லோரும் இறங்கி ஒரு சாயா குடித்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சிக் கூட்டி உள்ளே அழைத்துப் போனாள்.

முற்றத்தில் வண்டியும் ஞானையனும் மட்டும் நின்றார்கள்.

அவர் இடதுபக்கப் பின்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே கையைவிட்டுத் தடவினார். இந்தத் தடவை முகர்ந்து பார்த்தார். தண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமையும் தண்ணீர் இல்லை.

உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தார். வாசல்படி வரைக்கும் போனார். உள்ளே எலியா, ஞானையனின் கைவேலையைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்திருந்தார். சம்பந்திகளுக்கு நடுவில் விழுந்த முறுக்கைத் தளர்த்துவதற்காக நல்ல மனசோடு பேசுகிற பேச்சு. ஞானையன் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

தரையில் ஒரு ஆணி கிடந்தது. ஒர்க்ஷாப் முற்றத்தில் ஆணிக்குப் பஞ்சமா? அதை எடுத்து அதே சக்கரத்தின் காற்று வால்வில் வைத்து அழுத்தினார். சீறிக்கொண்டு காற்று இறங்கியது. அந்தச் சத்தம் உள்ளே கேட்காமல் இருக்க இருமினார். நிறுத்தாமல் இருமினார். ஐம்பது வயது தாண்டின மனுஷன், மகளுக்கு ஓலை வாசித்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, திருட்டுப்பயல் மாதிரி குந்தி உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

கணக்கு மனசில் தெளிவாக இருந்தது. டயர் இறங்கிவிட்டது, அண்ணே, அந்தப் பூட்டுச் சாவியைத் தாருங்கள் என்று கேட்பார். பஞ்சர் பார்க்கிற சாக்கில் சக்கரத்தைக் கழற்றுவார். ஒழுகுகிற இடத்தைப் பார்த்துவிடுவார். இன்றைக்குப் பயணம் இல்லை. நாளைக்குக் களியக்காவிளைக்குப் போய்ச் சாமான் வாங்கி மாட்டி, பல்பையும் பழைய இடத்தில் வைத்துவிட்டால், வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. ஷெமிக்குத் தெரியும். அவளிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சாயா குடித்துவிட்டு வெளியே வந்தார்கள். கிருபாபாய் முகம் இன்னும் இளகவில்லை. பெண் வராவிட்டால் பரவாயில்லை, நாங்கள் போய் அக்காவைப் பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போகிறோம் என்றார். பின்சீட்டில் ஏறினார். எலியா ஏறினார். ரெஜித் ஏறினான். ஷெமி வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது ஞானையனின் பிடரியில் சுட்டது. அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெஜித் கொஞ்சம் உருட்டினதுமே தெரிந்துகொண்டான். இறங்கி வந்து பார்த்துவிட்டு, காற்று போய்விட்டது என்றான். ஞானையன் பெரிதாக ஆச்சரியப்பட்டார். அந்தப் பூட்டுச் சாவி உண்டுமா மக்கா, நீங்கள் எல்லாம் உள்ளே போய் இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

ரெஜித் அப்பாவிடம் சாவியை வாங்கி, டிக்கியிலிருந்து ஜாக்கியும் எடுத்து வந்தான். ஆனால் அவர் கையில் தரவில்லை.

"நீங்க மாறி நில்லுங்க மாமா. வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு. இன்னைக்கு நீங்க பொண்ணுக்க அப்பாவாக்கும், மெக்கானிக் இல்ல."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. மாமனாரை அழுக்குப் பட விடக்கூடாது என்று சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, தானே மண்ணில் முட்டி போட்டான். பூட்டு நட்டைத் தளர்த்தினான், மற்றதையும் கழற்றினான். சக்கரம் கையோடு வந்தது.

சக்கரத்தின் உள்பக்கம் எல்லாம் ஈரம் பரவியிருந்தது. பிரேக் டிரம்மின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, நீண்டு, மண்ணில் விழுந்தது. பிறகு இன்னொன்று. ரெஜித் விரலால் தொட்டான். முகர்ந்தான். மெக்கானிக் வேலை தெரியாத பிள்ளைக்குக்கூட அது என்ன என்று தெரிந்துவிட்டது.

நிமிர்ந்து ஞானையனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, புரியாமைதான். "மாமா, இது இப்பிடி ஒழுகினா அந்த வெளக்கு எரியணுமே. நீங்க சரியாக்கினதுல்லா?"

எலியா வந்து குனிந்தார். கிருபாபாயும் இறங்கி வந்து நின்றார். ஜெயபாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை, ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். இப்போதும் ஒரு பொய் கைவசம் இருந்தது. பல்பு எரிந்து போயிருக்கும் என்று சொல்லலாம். பல்பு எரிந்து போவது உலகத்தில் நடக்கிற காரியம்தான். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

வாசலில் ஷெமி நின்றுகொண்டிருந்தாள். தலை சுற்றுகிற பெண் என்று பேர் வாங்கிக்கொண்டு, அந்தப் பேரைத் துடைக்காமல், சும்மா நின்றுகொண்டிருந்தாள். கிருபாபாய் அக்காவிடம் போய் என்ன சொல்வார்? பிள்ளைக்கு வர மனசில்லை என்று சொல்வார். அந்தச் சொல் கல்யாணத்துக்கு முன்னே அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஞானையனால் அதைத் தாங்க முடியவில்லை.

"மைனி" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "பிள்ளைக்குத் தலை சுத்தல்ல."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"வெளக்க நான் சரியாக்கல்ல. பல்ப ஊரி எடுத்தேன். ஆயில் ஒழுகது வெள்ளிக்கிழமயே கையில பட்டுது, வெள்ளம்ணு நெனச்சுக்கிட்டேன். இந்தக் காத்தும் தானா எறங்கல்ல. நான்தான் எறக்கினேன், நீங்க போகாம இருக்கதுக்கு." மூச்சு வாங்கினார். "ஷெமிக்கு வண்டியில இருக்கும்போ தெரிஞ்சு போச்சு. என்னைக் காட்டிக்குடுக்க மனசில்லாம அவ தலை சுத்துதுண்ணு சொன்னா. அவளுக்கு ஒங்க வீட்டுக்கு வர ஒரு மடியும் இல்ல மைனி. தப்பு எனக்கதாக்கும்."

சொல்லி முடித்ததும், பாரம் இறங்கும் என்று நினைத்தார். இறங்கவில்லை.

எலியா ஒர்க்ஷாப் ஓரத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த டிரம் மேல் உட்கார்ந்தார். காலையில் சபை முற்றத்தில் பேசினது எல்லாம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், காது இரண்டும் சிவந்திருந்தன. "சிங்கப்பூரில இதுக்கு ஜெயிலாக்கும்" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஜெயபாய் உள்ளே போய்விட்டாள். அவள் சுவரோடு சாய்ந்து நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

ரெஜித் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனான். நெய்யாற்றின்கரைக்கு ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்தான். வண்டி இங்கேயே கிடக்கட்டும், நானே சரியாக்கி ஓட்டிக்கொண்டு வந்து தருகிறேன் என்று ஞானையன் சொன்னார். எலியா ஆட்டோ நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை வாசிக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆட்டோவில் ஏறப்போன கிருபாபாய் நின்றார். திரும்பி வந்தார். ஞானையனைத் தாண்டி நேராக வாசலுக்குப் போனார். ஷெமியின் முன்னால் நின்றார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"தலை சுத்துதுண்ணு நீ எறங்கிக்கிட்ட. சரி. ரெண்டாமத்த தடவ நாங்க மூணு பேரும் ஏறினோம்லா. எனக்க மகன் ஸ்டியரிங்கில இருந்தான். அப்பம் நீ இதே எடத்திலயாக்கும் நின்ன. எதுக்கு ஒண்ணும் சொல்லாம நின்ன?"

ஷெமி கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் ஞானையன் அத்தனையும் சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் வெறும் தலை சுற்றின பெண். அவர் சொன்னதனால் தெரிந்தே நின்ற பெண்ணாகிவிட்டாள். குறுக்கே ஓடினார்.

"மைனி, கேக்க வேண்டியது என்னை. அவளக் கேக்காதீங்க."

கிருபாபாய் அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்களக் கேக்க எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணே. நீங்க எனக்க வீட்டுக்கு வாழ வரல்ல. அவளாக்கும் வாறது."

சொல்லிவிட்டுப் போய் ஆட்டோவில் உட்கார்ந்தார். அவருக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. எலியாவும் மெல்ல எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரெஜித் ஏறவில்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி, ஒரு காலை உள்ளே வைத்தபடி, வாசலைப் பார்த்து நின்றான். அம்மாவைச் சமாதானம் பண்ணுவான், பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று ஞானையன் எதிர்பார்த்தார். ஆனால் அம்மா கேட்ட கேள்விக்கு அவன்தான் பதிலை எதிர்பார்த்து நின்றான்.

ஷெமி கதவை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்து, போகலாமா என்று கேட்டான்.